கோல் பிடித்த செயலாளர்

அன்பரே, நெஞ்சில் கைவைத்து ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு பேர் பந்து விளையாடுகிறார்களே, அவர்களில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? லிவர்பூல் குழுவின் பதினொரு பெயரையும் நீங்கள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பீர்கள். அதை நான் கேட்கவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டில் சுங்கை பினாங்கில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிய ஆள் எவருமில்லை. பாக்கியநாதனாகிய நான் அப்போது நேசன் காற்பந்துக் கழகத்தின் செயலாளர்; கோவிலில் ஞானோபதேச ஆசிரியர்; வீட்டில் ரோசலினின் கணவர். முதல் இரண்டு பதவிகளிலும் பேசுவது என் வேலை. மூன்றாவதில் கேட்பது என் வேலை.

எங்கள் கழகத்துக்கு ஒரு காலத்தில் திடல் கொள்ளாத கூட்டம் இருந்தது. எல்லைக் கோட்டருகே நின்றவர்களின் கால்விரலை மிதிக்காமல் பந்தை மூலையிலிருந்து உதைக்க முடியாது. பிறகு தொலைக்காட்சி வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, இங்கிலாந்தில் போன வாரம் ஆடி முடித்த ஆட்டத்தைக் காட்டினார்கள். எங்கள் ஆட்டமும் அதே ஐந்து மணிக்குத்தான். இருநூறு பேர் எண்பதானார்கள். எண்பது பேர் பன்னிரண்டானார்கள். கடைசியில் கோட்டருகே நானும் ஒரு வெள்ளாடும் நின்றோம். ஆடு எந்தக் குழுவின் பக்கம் என்பது இறுதிவரை தெரியவில்லை.

இதில் எனக்கு நேர்ந்த அவமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசை வீடுகளில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டி என் வீட்டில்தான் இருந்தது. பாயான் பாருத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரோசலினின் தங்கை, அக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. நேசன் கழகத்தின் கூட்டத்தை விழுங்கிய பூதம், நேசன் கழகத்தின் செயலாளர் வீட்டுக் கூடத்தில், லேஸ் துணி போர்த்தி, மேலே மாதா சிலையுடன் வீற்றிருந்தது.

அந்த நிலையில்தான் மரக்கடைச் சீன முதலாளியான தவுக்கே ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். திடல் அவருடைய நிலம். ஆட்டம் பார்க்க ஆள் வராத திடல் யாருக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். வரும் ஞாயிறு தாமே வருவாராம். கோட்டருகே நூறு பேர் நின்றால் திடல் கழகத்துக்கே இருக்கும். இல்லையென்றால் மறுநாள் காலை மரக்கட்டைகளை அடுக்கத் தொடங்கிவிடுவாராம்.

நான் உறுதி பூண்டேன். நூறு பேரைத் திடலுக்குக் கொண்டுவர வேண்டும். அறிவுரையால் முடியாதது கூரைமேல் நிற்கும் தொலைக்காட்சி ஏரியலால் முடியும்.

பினாங்கில் ஏரியல் என்பது ஒரு பக்தன் மாதிரி. கடலுக்கு அப்பால் கெடாவில் நிற்கும் ஜெராய் மலையை நோக்கியே அது நிற்கவேண்டும். முகத்தைத் திருப்பினால் அருள் நின்றுவிடும். சனிக்கிழமை பிற்பகல், ரோசலின் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினேன். ஜெராயைப் பார்த்திருந்த ஏரியலைக் தீவின் நடுவே இருக்கும் கொடிமலைப் பக்கம் திருப்பிவைத்தேன். இறங்கி, கை கழுவி, ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பாசாரிலிருந்து வந்த ரோசலின் என் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்த தகரத் துருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத மனைவியைக் கண்டு அஞ்சாத கணவன் இன்னும் பாடம் படிக்கவில்லை என்று பொருள். நான் படித்திருக்கவில்லை.

மறுநாள் நாலேமுக்காலுக்குக் கூடம் நிறைந்தது. வாசலில் செருப்புக் குவியல். வெளி வராந்தாவில் நின்றவர்களையும் சேர்த்தால் நூறு பேருக்குமேல் தேறும். பெட்டியைப் போட்டார்கள். திரை முழுவதும் பனி கொட்டியது. நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

"அன்பர்களே, ஜார்ஜ் டவுனில் ஒரு மனிதன் தன் வீட்டு விளக்கை ஊதி அணைத்துவிட்டு, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் படிக்க முயன்றானாம்..."

"ஏங்க," என்றாள் ரோசலின். "அந்தாளு படிக்கட்டும். நீங்க கொஞ்சம் மேல ஏறி ஏரியல பாருங்க."

மறுக்க வழியில்லை. ஏணியின் முதல் படியில் நான் கால் வைத்தபோது அவள் கீழே நின்று, மற்றவர் காதில் விழாதபடி சொன்னாள்: "நேத்து எந்தப் பக்கத்துலேருந்து திருப்புனீங்களோ அந்தப் பக்கமே திருப்பிருங்க. இல்லன்னா யாரு திருப்புனதுன்னு உள்ளார போயி சொல்லிருவேன்."

திருப்பினேன். கீழேயிருந்து அவள் குரல் வந்தது. இடது பக்கம், இன்னும் கொஞ்சம், அதிகமாகிவிட்டது, வலது. பிறகு உள்ளே ஆரவாரம். படம் வந்துவிட்டது. நான் கையை எடுத்தேன்.

"கைய எடுக்காதீங்க. எடுத்தா பனி கொட்டுது."

மறுபடி பிடித்தேன். படம் வந்ததாம். எடுத்தேன். போனதாம். என் உடம்பில் ஓடும் இரத்தத்துக்கும் இங்கிலாந்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக ரோசலின் விளக்கினாள். தவுக்கே வரும் நேரம், செயலாளர் இல்லாமல் எப்படி என்று நான் கெஞ்சினேன்.  திரும்பிப் பார்த்தால் ஏணியைக் காணோம். அடுத்த வீட்டு ஜெயலெட்சுமி அவசரமாகக் கேட்டாளாம், ரோசலின் கொடுத்துவிட்டாளாம்.

செங்கோல் பிடித்த மன்னர்கள் உண்டு. எழுதுகோல் பிடித்த புலவர்கள் உண்டு. திடலில் பிள்ளைகள் கோல் போட வேண்டிய நேரத்தில், கூரைமேல் ஏரியல் கோல் பிடித்து நின்ற செயலாளர் நான் ஒருவனே.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன். வெயில் பழுத்திருந்தது. தகரக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல்வரை ஓடின. அவற்றின்மேல் காற்று உருகிய கண்ணாடிபோல் நடுங்கிற்று. நீரின் அந்தப் பக்கம் ஜெராய் மலை நீலப் புகையாக மிதந்தது. அதற்கும் எனக்கும் நடுவே, தென்னை உச்சிகளின் இடைவெளியில், ஒரு கைக்குட்டை அகலத்தில் எங்கள் திடல் தெரிந்தது. சிவப்புச் சட்டை போட்ட எங்கள் பிள்ளைகள் எறும்புகளாக ஓடினார்கள்.

பார்த்துக்கொண்டேயிருந்தபோது கோட்டருகே ஒரு கருமை படர்ந்தது. முதலில் மேகத்தின் நிழல் என்று நினைத்தேன். நிழல் அசைந்தது, கை தூக்கியது, குடை விரித்தது. மனிதர்கள். ஐம்பது, எழுபது, நூறு. வெயில் என் மூளையைத் தொட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். ஏனென்றால் சுங்கை பினாங்கின் மனிதர்கள் எல்லாரும் என் காலுக்குக் கீழே, என் கூடத்தில் அல்லவா இருந்தார்கள். அவர்கள் முழக்கம் கூரைத் தகரத்தை அதிரவைத்துக்கொண்டிருந்தது.

கீழே ஒரு முழக்கம் எழும். தூரத்தில் ஒரு முழக்கம் எழும். இரண்டும் காற்றில் கலந்து எது இங்கிலாந்து, எது நம் ஊர் என்று தெரியாமல் போகும். இங்கிலாந்தில் போன வாரம் யாரோ போட்ட கோலுக்கு, எங்கள் குழுத் தலைவன் ஹென்றி கை உயர்த்தித் திடலைச் சுற்றி ஓடுவதுபோல் இருந்தது. மோட்சத்தில் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணினேன். எல்லாத் திடலும் ஒரே திடல். எல்லா ஞாயிறும் ஒரே ஞாயிறு. என் இருபது ஆண்டுப் போதனை பலித்துவிட்டதைக் கர்த்தர் எனக்குத் தரிசனமாகக் காட்டுகிறார். கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை; கோல் பிடித்திருந்தேன்.

பொழுது சாயும் நேரம் ஏணி வந்தது. சுமந்து வந்தவன் ஹென்றி. முழங்கால் எல்லாம் சேறு, முகம் எல்லாம் பல். இரண்டுக்கு ஒன்று என்று வென்றுவிட்டார்களாம். தவுக்கே தாமே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாராம். நூற்று இருபதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டாராம். திடல் நமக்கே.

இறங்கி ஓடிக் கூடத்தைப் பார்த்தேன். நாற்காலிகள் காலி. வாசலில் ஒரு செருப்பு இல்லை. முழுச் சத்தத்தில் பெட்டி தன்பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருக்க, முன் வரிசையில் எங்கள் பூனை மட்டும் உட்கார்ந்து விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தது.

கொல்லை வழியாக ரோசலின் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கூட்டமும்.  என் வார்த்தைகள் கடைசியில் அவர்கள் இதயத்தைத் தொட்டனவா என்று கேட்டேன். ஹென்றி ரோசலினைப் பார்த்தான். ரோசலின் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"டிவி பாதிக் கூட்டத்தத்தாங்க இழுத்துச்சு," என்றாள். "மீதிப் பாதி ஆட்டத்து இடைவேளையில நீங்க பேசுற பேச்சுக்குப் பயந்து ஓடுனது. டிவியில இடைவேளைன்னா ரெண்டு நிமிசம் விளம்பரம். உங்களுது அரை மணி நேரம் லா. அந்தப் பட்டர்வொர்த் விளக்கு கதைய மட்டும் பதினேழு தடவ கேட்டுட்டாங்க."

"அப்படியென்றால் இன்று எப்படி வந்தார்கள்?"

"இது முடிவு பேப்பர்ல வந்துட்ட ஆட்டம், அது முடிவு தெரியாத ஆட்டம்னு சொன்னேன். அசையல. உங்க அண்ணன் கூரை மேல பத்திரமா இருக்காரு, ஏணி எங்கிட்டத்தான் இருக்குன்னு சொன்னேன். எந்திரிச்சிட்டாங்க."

ஏரியலை நான் பிடிக்காவிட்டால் படம் வராது என்றாளே, அது? நான் முதல் தடவை கையை எடுத்தபோதே படம் நன்றாகத்தான் இருந்ததாம். ஹென்றி என் தோளைத் தட்டி, அடுத்த ஞாயிறும் முக்கியமான ஆட்டம் அண்ணே, நீங்கள்தான் உதவ வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

ஆகவே அன்பரே, கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். கடல் கடந்த குழுவை நேசியுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் முழக்கம் அவர்கள் காதில் விழாது. உங்கள் தெருமுனைத் திடலில் ஓடுகிறவன் காதில் விழும். அவன் இன்னும் ஒரு அடி வேகமாக ஓடுவான். நாளை என்று தள்ளாதீர்கள், நாளை அங்கே மரக்கட்டைகள் இருக்கலாம். இன்றே, இப்போதே, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். நான் அங்கே இருக்கமாட்டேன் என்பதற்கு என் மனைவி பொறுப்பு.