பிச்சைக்கனி அத்தானின் மனு கிடைத்துவிட்டது

வலியசாலை,
திருவனந்தபுரம்.
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பிச்சைக்கனி அத்தான் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் தம்பி ஆறுமுகநயினார் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு இருக்கிறோம். வள்ளியூரில் நீங்களும் அக்காளும் சுகமா என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். பதில் வராது என்பதும் தெரியும். முப்பத்துமூன்று வருடமாக வரவில்லை.

நிற்க. உங்கள் மனு கிடைத்துவிட்டது. எந்த மனு என்று நெற்றியைச் சுருக்க வேண்டாம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் விற்றுக்கொண்டிருந்த உங்கள் கடையை ரோடு அகலப்படுத்துகிறோம் என்று 1991இல் எடுத்தார்களே, அதே முக்கில் வேறு இடம் கேட்டு, நான் உதவியாளனாக இருந்த தலைவருக்கு என் கையில் ஒரு மனு கொடுத்தீர்களே, அது. (பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும் என்பதால் தலைவர் என்றே எழுதுகிறேன்.) இடம் கிடைக்கவில்லை, நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள், சரி. ஆனால் மனுவை நான் குப்பைத் தொட்டியில் போட்டேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொன்னீர்கள். போன பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இந்தா வாரான் பாரு, மனுவத் தின்னவன்” என்றீர்கள். உடன்பிறந்த அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவி விஜயம் செத்தபோது வந்தவள், அழுத முகத்தோடு அப்படியே பஸ் ஏறிப் போனாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை, அத்தான்.

இந்த நிலையில்தான் தலைவரின் காகிதங்கள் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாகவும், அதில் தேடுவது எப்படி என்று மூன்று நாள் வகுப்பு நடத்துவதாகவும் பேப்பரில் வந்தது. அவருடைய நினைவு மன்றத்துக்குப் போனேன். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். வகுப்பெடுத்த ஆர்ஷா பாறசாலைப் பக்கத்துப் பெண், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். ஒரு கட்டத்தைக் காட்டி, வேண்டியதை இதில் எழுதுங்கள் என்றாள். முப்பத்தொரு வருடம் ஆபீசில் இருந்தவன் நான், ரெக்கார்டு அறையிலிருந்து காகிதம் வேண்டுமென்றால் எப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்று எனக்கா தெரியாது? ‘ஐயா, வணக்கம். கீழ்க்கண்ட மனுவைத் தேடி எடுத்துத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஆரம்பித்து, கடையின் நீள அகலம் வரை எழுதி, இப்படிக்கு உண்மையுள்ள என்று முடித்து, தேதியும் போட்டேன். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை என்று இரண்டு நொடியில் பதில் வந்தது. நம் ஆபீசிலேயே ஒரு மனுவை மறுக்கக் குறைந்தது ஆறு மாதம் எடுத்துக்கொள்வோம். ஆர்ஷா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அங்கிளே, இது மனுஷன் இல்ல. நமஸ்காரம் ஒண்ணும் வேண்டா. ஒரே ஒரு வாக்கு அடிச்சா மதி.”

“ஒரு வார்த்தையில கேட்டா மரியாதைக் குறைவா இருக்காதா, மோளே?”

“அதுக்கு மரியாதை அறியாது, அங்கிளே. சுருக்கமா கேளுங்கோ.”

சரி என்று ‘தேங்காய்’ என்று அடித்தேன். இருநூற்றுப் பதினான்கு வந்தது. எல்லாம் தேங்காய் விலை வீழ்ச்சி பற்றித் தலைவர் ஆற்றிய உரைகள். ஒரே உரையைப் பதினேழு வருடம் பேசியிருக்கிறார், அத்தனையையும் டைப் அடித்தவன் நான். வயிற்றெரிச்சலில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். பூஜ்யம். அவர் வீட்டு நாய் டைகரை அடித்தேன். நாற்பத்தாறு. அதில் ஒரு படத்தில் டைகருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். படத்துக்குக் கீழே நாயின் பெயரும் வயதும் எழுதியிருக்கிறார்கள். குடை பிடித்தவனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த வெயிலில் நான் நின்றது நாய்க்காக என்றே வருங்காலம் நினைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் ஆர்ஷா, “மாசம் ஓர்மை உண்டோ?” என்று கேட்டாள். எனக்கா ஞாபகம் இருக்காது? விநாயகர் சதுர்த்தி வியாபாரம் முடிந்த மறு வாரம்தானே கடையை எடுத்தார்கள். மாதத்தையும் வருடத்தையும் போட்டு மனுக்களை மட்டும் பிரித்துக் கொடுத்தாள், அறுநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கண்ணில் நீர் வழிந்தது, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு மறுபடியும் தள்ளினேன். சாயங்காலம் கதவடைக்கிற நேரத்தில் உங்கள் கோழிக் கிறுக்கல் வந்தது. மனுவை ஆபீசில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இருக்கிறது. ஓரத்தில் மலையாளத்தில் ஒரு குறிப்பும், கீழே தலைவரின் சுழிக் கையெழுத்தும் இருக்கின்றன. குறிப்பு இதுதான்: ‘மனுதாரர் நம் ஆபீஸ் ஊழியரின் உறவினர். செய்து கொடுத்தால் பேச்சு வரும். மேல் நடவடிக்கை வேண்டாம்.’

பார்த்தீர்களா? நான் கொடுத்திருக்கிறேன். குப்பைத் தொட்டியில் போடவில்லை. கொன்றது அந்த மனிதர். என் தோளில் தட்டி, “நயினாரே, அளியன்டெ கார்யம் ஞான் நோக்கிக்கொள்ளாம்” என்று சொன்னவர்தான். உன் அத்தான் காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்ட லட்சணம் இது! இவருக்கா நான் முப்பத்தொரு வருடம் குடை பிடித்தேன்? இவர் செத்த அன்று பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தேனே, அதை இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

மனுவின் நகல் இத்துடன் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள், அக்காளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வருகிற பங்குனி உத்திரத்தன்று அதே கோயிலில், அதே பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று, நான் சொன்னது தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், உங்கள் மகள் இசக்கிசெல்வியின் பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு நீண்ட ஆயுள், மன்னிப்புக் கேட்கும் வரையாவது.

இப்படிக்கு,
மனுவைத் தின்னாத
ஆறுமுகநயினார்

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு ஆர்ஷா போன் செய்தாள். “அங்கிளே, அந்தக் குறிப்பு தலைவரோட கைப்பட எழுதினது மாதிரி இல்லையே. ஆருடேதுன்னு ஒண்ணு பாத்துச் சொல்லணும்” என்றாள். போனேன். தலைவரின் டயரியையும் உங்கள் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். அவர் கை போலவே எழுதிப் பழகியவன் நான், பெரிதாக்கியதும் குறிப்பு என் எழுத்து என்று தெரிந்துவிட்டது. எந்த மனுவுக்கும் குறிப்பை நான் எழுதி வைப்பேன், அவர் கட்டுக்கட்டாக வாசிக்காமல் சுழித்துத் தருவார், அதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். ஒருவேளை சொல்லச் சொல்ல எழுதினேனோ என்று, கற்ற வித்தையை வைத்துச் சுற்றுப்பயணக் குறிப்பைத் தேடினேன். ஒரு நொடியில் வந்தது. குறிப்பு எழுதிய அந்த வாரம் முழுவதும் அவர் டெல்லியில், வந்த பிறகுதான் கட்டோடு சுழித்திருக்கிறார். அந்த மாதம்தான், என்னைக் காட்டி, பாண்டிக்காரன் தன் தமிழ் ஆட்களுக்கே எல்லாம் செய்து கொடுக்கிறான் என்று ஆபீசில் பேச்சு வந்தது. என் வேலை போய்விடும் என்று பயந்தேன், அத்தான். அவர் செய்து கொடுத்திருப்பார். நான்தான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். மறந்து போயிற்று என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எழுதிய காகிதத்தைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டையும் அக்காளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அக்காள் கதவைத் திறக்காவிட்டால் சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன். திறந்தால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.