ரொட்டிக்காரர் மோட்டாரை விட்டு இறங்கிய நாள்

இந்த மலையில் நாய்களுக்கு வரி கட்டிப் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் ரொட்டிக்காரர்தான். தோட்டத்துத் துரைக்குப் பயப்பட மாட்டார். கணக்கெழுதும் கிராணியை மதிக்க மாட்டார். வளைவில் மலைப்பாம்பு குறுக்கே கிடந்தால் ஹார்ன் அடித்து, "ஒதுங்கிப் போம்மா, யாவாரத்துக்கு நேரமாச்சு" என்பார். ஆனால் ஒரு நாய்க்குட்டி கொட்டாவி விட்டால் போதும், மனிதருக்கு வேர்த்துவிடும். கேமரன் மலைக் குளிரில் வேர்த்து நின்ற ஒரே ஆளும் அவர்தான்.

அவர் பேரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எழுபதுகளில் பிரிஞ்சாங் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் ஒரு பெரிய தகரப் பெட்டி. அதற்குள் ரொட்டி, தேங்காய் பன், ரஸ்க். நாங்கள் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் திரும்பும் நேரம் பார்த்து, நாலு மணி வாக்கில் அவருடைய ஹார்ன் சத்தம் கேட்கும். உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, தலையில் கழற்றவே கழற்றாத ஹெல்மெட், காலில் ரப்பர் சப்பாத்து. சப்பாத்துக்கு மேலே தொடை வரைக்கும் கோணிச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருப்பார். புதிதாக வந்தவர்கள் குளிருக்கு என்று நினைப்பார்கள். அத்தனையும் நாய்ப் பல்லுக்குத்தான்.

எங்கள் லயத்தில் அவர் கால் தரையில் பட்டு நான் பார்த்ததில்லை. மோட்டாரை நிறுத்தியதும் இரண்டு காலையும் மேலே தூக்கி சீட்டில் சம்மணம் போட்டுவிடுவார். அப்படியே உட்கார்ந்தபடி உடம்பைத் திருப்பிப் பெட்டியைத் திறந்து யாவாரம் பண்ணுவார். வாகனத்தில் ஏறிய சாமி பிரசாதம் கொடுப்பதுபோல இருக்கும்.

"ஏண்ணே, எறங்கி நின்னு குடுத்தா என்னா?" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை கேட்பாள்.

"கீழ அவுங்க ராஜ்யம்லா தங்கச்சி. நமக்கு மேலயே போதும்."

வரி என்று சொன்னேன் அல்லவா? அது ரஸ்க். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை நாய், எதற்கு எத்தனை ரஸ்க் என்று அவருக்கு மனப்பாடம். முதல் லயத்துக் கிழட்டு நாய்க்கு அரைத் துண்டு. கோயில் பக்கத்து நாய்க்கு ஒன்று. எங்கள் வீட்டு ஜாகாவுக்கு மட்டும் இரண்டு, ஏனென்றால் அவன் மோட்டாரைவிட வேகமாக ஓடுவான். தூக்கிப் போடும் ரஸ்க்கை எம்பிக் காற்றிலேயே கவ்வி, ஒரே விழுங்கில் முடித்துவிட்டுத்தான் வழி விடுவான்.

ஒரு தடவை அஞ்சலை வீட்டுக் குட்டி, கண் திறந்து பத்து நாள்கூட ஆகாதது, ரொட்டி வாசனைக்குத் தட்டுத்தடுமாறி மோட்டார் சக்கரத்துப் பக்கம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தவர், மோட்டாரிலிருந்து அப்படியே ஒரு தாவு தாவிப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டார். அன்றைக்கு யாவாரம் முழுக்கத் தொட்டி மேலிருந்துதான். "ரொட்டி எடுத்துக்க, மூடிய மூடு, மூடும்மா, அது உள்ள ஏறிரும்" என்று கத்திக்கொண்டே இருந்தார். குட்டி எப்போதோ தூங்கிப் போயிருந்தது.

இனி ஜாகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அப்போது மரக்கட்டை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். எங்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. பின்பக்கக் கதவைத் திறந்தால் காடு. காட்டுப்பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டும், பாம்பு கோழிக்கூட்டுக்குள் போகும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அந்த வீட்டில் தைரியமாகப் படுத்து எழுந்தேன் என்றால் அது ஜாகாவால்தான். மலாய் மொழியில் ஜாகா என்றால் காவல்; காவலுக்கு இருக்கட்டும் என்றுதான் அந்தப் பேரே வைத்தோம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் விடியலில் கிளம்பினால், பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போகும் வரை வாசற்படியை விட்டு நகர மாட்டான். என் வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் நான் பொருவிளங்காய் உருண்டை பிடித்தேன். பாசிப்பயறும் அரிசியும் வறுத்து அரைத்து, சுக்குத் தட்டிப் போட்டு, வெல்லப்பாகு காய்ச்சிச் சூட்டோடு சூடாகப் பிடிப்பது. என் கைப்பதம் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வராது. இதை நானே சொல்லக்கூடாதுதான், வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். கல்லு மாதிரி இருக்கிறது என்று சிலர் பேசினார்கள். அஞ்சலை அதைப் பாக்கு உரலில் போட்டு இடித்துத்தான் தின்றாள், அதுவும் நான் பார்க்கும்படி. பல்லில் வலுவில்லாதவர்கள் பலகாரத்தைக் குறை சொல்வார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ரொட்டிக்காரர் வந்ததும் மூன்று உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

"அண்ணே, தீவாளிப் பலகாரம். நானே புடிச்சது."

"வீட்டுக்குக் கொண்டுபோயி சம்சாரத்தோட தின்னுக்குறேன் தங்கச்சி."

"அதெல்லாம் முடியாது. ஒண்ணு இப்ப தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

எலுமிச்சம்பழ அளவு உருண்டை. மனிதர் அதை வாயில் வைத்தார், கடித்தார், கண்ணை மூடினார். வலது பக்கம் கொண்டுபோனார், இடது பக்கம் கொண்டுபோனார். அவருக்கு இருந்ததே நாலைந்து பல். நான் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் சின்னவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் திரும்பினேன். அதே நேரம் ஜாகாவும் வரி வாங்க வந்து நின்றான். தீபாவளி யாவாரத்தில் ரஸ்க் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. வாயிலிருந்ததைத் துப்பவும் மனமில்லை, விழுங்கவும் வழியில்லை, கீழே நாய் உறுமுகிறது. அவர் என்ன செய்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜாகா எப்போதும்போல எம்பிக் கவ்வினான். எப்போதும்போல விழுங்கினான். ரஸ்க் என்றால் நொறுங்கும். என் உருண்டை நொறுங்குமா?

நான் திரும்பிப் பார்த்தபோது அவன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். குரைப்பு இல்லை, இருமல் இல்லை. முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறான். எச்சில் கயிறாக வடிகிறது. நெஞ்சு மேலும் கீழும் அடிக்கிறது, மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை. நான் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது.

"தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து!" என்றாள் அஞ்சலை.

"சோத்த உருட்டி உள்ள தள்ளு. மீன் முள்ளுக்கு அப்படித்தான்" என்றாள் கங்காணி சம்சாரம். சட்டியில் சோறும் கையுமாக வந்தே விட்டாள்.

"ஒண்ணும் ஊத்தாதீங்க! உள்ள தள்ளாதீங்க!" என்று மோட்டார் மேலிருந்து ஒரு கூச்சல். "மூச்சுக்குழல அடச்சிருக்கு. தள்ளுனா நாயி செத்துரும்!"

சொல்லிக்கொண்டே ரொட்டிக்காரர் இறங்கினார். ஆமாம், இறங்கினார். இரண்டு சப்பாத்தும் எங்கள் லயத்து மண்ணில் ஊன்றி நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"அதோட வாயத் தொற தங்கச்சி. கண்ணுக்குத் தெரியுதா பாரு."

திறந்தேன். தொண்டைக்குழியில் பழுப்பாகத் தெரிந்தது. நாளெல்லாம் கொழுந்து கிள்ளும் விரல் என்னுடையது, எடுத்துவிடலாம் என்று நுழைத்தேன். எச்சிலில் வழுக்கியது.

"எட்டலன்னா விட்டுரு! தள்ளிப்புடாத!"

அவரே ஜாகாவின் பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கி, தலையைக் கீழே தொங்க வைத்தார். "எம் மவனுக்கு ரம்புத்தான் கொட்ட மாட்டுனப்ப இப்படித்தான் புடிச்சேன்" என்று சொல்லி, தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினார். வரவில்லை. ஜாகாவின் நாக்கு நீலம் பாரித்தது. கால்கள் துவண்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, அவன் இல்லாம எம் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எப்படிண்ணே இங்க இருப்பேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ரொட்டிக்காரர் அந்தக் காலத்தில் ரொட்டி சுடும் இடத்தில் மாவு மூட்டை தூக்கினவர். மூட்டையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, கைகளைக் கோத்து, வெடுக்கென்று ஓர் எக்கு எக்கித் தூக்குவார்களே, அதே பிடியாக ஜாகாவைப் பிடித்தார். அவன் முதுகு இவர் நெஞ்சில். இவர் முஷ்டி அவன் விலா எலும்புக்குக் கீழே வயிற்றில். மேல்பக்கமாக ஓர் எக்கு. இன்னோர் எக்கு. மூன்றாவது எக்கில் உருண்டை குண்டு மாதிரி பாய்ந்து வந்து தகரப் பெட்டியில் 'டங்' என்று மோதி விழுந்தது. பெட்டி நசுங்கியது. உருண்டையில் ஒரு கீறல் இல்லை.

ஜாகா ஒரு நீள மூச்சு இழுத்தான். இருமினான். பிறகு தலையைத் திருப்பி, தன்னைக் கட்டிப் பிடித்திருந்தவரின் முகத்தை நாடியிலிருந்து ஹெல்மெட் வரைக்கும் நக்கினான்.

அப்போதுதான் ரொட்டிக்காரருக்கு, தாம் பிடித்திருப்பது நாய் என்கிற நினைவு வந்தது.

"தங்கச்சி... இப்ப இது என்னா பண்ணுது?"

"நக்குறான்ணே."

"கடிக்கறதுக்கு முன்னாடி நக்குமா?"

"இல்லண்ணே, பாசத்துல."

"அப்ப மெதுவா வந்து வாங்கிக்க. எனக்குக் கை வெரச்சிப் போச்சு, விட முடியல."

நான் ஜாகாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் கங்காணி சம்சாரம் கேட்டாள்: "அவ்வளவு பெருசா என்னாதான் தின்னான்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிறம், அந்த உருட்டு, என் கை பிடித்தது எனக்குத் தெரியாதா? அஞ்சலை வேறு கீழே தேடிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பட்டிருந்தால் என் பலகாரம் நாயைக் கொன்ற கதையாகத் திரிங்காப் ஊர் வரைக்கும் போயிருக்கும்.

ரொட்டிக்காரர் குனிந்தார், உருண்டையை எடுத்து மழைக்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எல்லாம் என்னோட ரஸ்க்குதான். பழசு, எறுகிப் போச்சு" என்றார்.

பெண்கள் அவரை வைத வசவு கொஞ்சமா? கல்லைச் சுட்டு விற்கிறவன் என்றார்கள். எங்கள் லயத்தில் ரொம்ப மாதம் யாரும் அவரிடம் ரஸ்க் வாங்கவில்லை. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கஞ்சி குடித்துத் தேறிய ஜாகா, அதற்குப் பிறகு பல வருடம் எங்கள் வாசலில் கிடந்தான். அவனாவது அவருக்குச் சாட்சி சொல்லியிருப்பான், வாய் இருந்திருந்தால். இன்றைக்குத்தான் எழுத்தில் சொல்கிறேன்: அஞ்சலை, நீ எங்கிருந்தாலும் படித்துக்கொள், அது என் உருண்டைதான்.

ரொட்டிக்காரர் எண்பதுகளில் மோட்டாரை விற்கும் வரை ஒரு தீபாவளிகூடத் தவறவிடவில்லை. எல்லாப் பெண்களும் பார்க்க, அவரே கையை நீட்டி ஓர் உருண்டை கேட்டு வாங்குவார். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "இந்த வருசம் பதம் நல்லா வந்திருக்கு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வீங்கின கன்னத்தோடு மோட்டாரை எடுப்பார். அந்தப் பொய்யைக் கேட்பதற்காகத்தான் நான் வருடா வருடம் பாகு காய்ச்சினேன்.