சம்பந்தியின் நாக்கும் செதில் உதிராத பழமும்

ராஜகீழ்ப்பாக்கம்,
14.6.1989, புதன்கிழமை காலை.

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி திரு. தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

ஏகநாதன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி தாயாரம்மாளும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தி அம்மாள் செல்லியம்மாளும், மாப்பிள்ளை கேசவனும், எங்கள் பெண் சரளாவும் நலமாக இருக்கத் திருநீர்மலைப் பெருமாள் அருள வேண்டும். தங்கள் நாக்கின் நலத்தைத் தனியாக அறிய ஆவல்.

போன வியாழக்கிழமை சரளாவின் வளைகாப்பில் என் பழத்தால் நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். நேரில் வந்திருக்க வேண்டும். தாம்பரம் பஸ் நிலையம் வரை இரண்டு முறை வந்து, படப்பை பஸ்ஸைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினேன். காலமெல்லாம் வகுப்பில் பேசிப் பிழைத்தவனுக்கு உங்கள் வாசலில் வந்து என்ன பேசுவதென்று தெரியவில்லை.

முதலில் அது என்ன பழம் என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் என்னைச் சொல்லவிடவில்லை. மான்ஸ்டிரா என்று அதற்குப் பெயர். தமிழில் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அசரியா குன்னூரில் ரயில்வே வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்று வந்தபோது கொடித்துண்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கிணற்றடி ஈரத்தில் நட்டேன். தென்னையைப் பிடித்து ஏறிக்கொண்டது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், இடையிடையே பெரிய பெரிய ஓட்டை. பூச்சி தின்கிறது என்று தாயாரம்மாள் ஒரு மாதம் வேப்பெண்ணெய் தெளித்தாள். ஓட்டை அதன் பிறவிக் குணம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சரளாவின் கல்யாண வாரத்தில் அது முதன்முதலாகப் பூத்தது. காய் பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது பழுக்க ஆரம்பித்தது. இது அவளுக்கென்றே வந்த பழம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவளும், "அப்பா, எதைச் சாப்பிட்டாலும் வாய்க்குப் பிடிக்கலை. அந்தப் பழம் பழுத்தா எனக்கு ஒரு துண்டு வேணும்" என்று எழுதியிருந்தாள்.

பார்ப்பதற்குப் பெரிய மக்காச்சோளக் கதிர் போல இருக்கும். மேலெல்லாம் பச்சையாக, தேன்கூட்டு அறை மாதிரி ஆறு மூலைச் செதில். உள்ளே வெண்ணெய் நிறத்தில் சதை. அன்னாசி, வாழை, பலாச்சுளை மூன்றையும் ஒரே வாயில் போட்டால் எப்படியோ அப்படி இருக்கும் என்பார் அசரியா. எப்படியோ என்றுதான் நானும் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பெண்ணுக்குக் கொடுக்கும் முன் நாம் தொடுவதா என்று நான் இன்றுவரை அதைச் சாப்பிட்டதில்லை. இனிதான் முக்கியம். இந்தப் பழம் ஒரே நாளில் முழுதும் பழுக்காது. ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்தினால் முதல் பெஞ்சுக்கு இன்றைக்கே புரிந்துவிடும், நடு பெஞ்சுக்கு இரண்டு நாள் ஆகும், கடைசி பெஞ்சுக்கு நாலைந்து நாள். எல்லாருக்கும் ஒரே நாளில் பரீட்சை வைத்தால் கடைசி பெஞ்சு பெயிலாகும். அது பையன்களுடைய குற்றமா, வாத்தியாருடைய குற்றமா? அதுபோலத்தான் இதுவும். காம்புப் பக்கம் முதலில் பழுக்கும். பழுத்த இடத்தில் செதில் தானாக உதிரும். உதிர்ந்த இடத்தை மட்டும் அன்றன்றைக்குச் சாப்பிட வேண்டும். உதிராத இடத்தைத் தொட்டால் தொலைந்தோம். சேப்பங்கிழங்கின் ஒன்றுவிட்ட தம்பி அது. பச்சையாகத் தின்றால் நாக்கில் ஊசி ஊசியாகக் குத்தும். இதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழுத்த பாகத்தை மட்டும் டிபன் டப்பாவில் எடுத்துப்போகலாம் என்றுதான் நான் சொன்னேன். தாயாரம்மாள் கேட்கவில்லை. "வரிசைத் தட்டுல வெட்டின பழத்த யாராச்சும் வெப்பாங்களா? மூளியா ஒண்ணக் கொண்டுபோய் வெச்சா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். நியாயம்தானே? முழுசாகவே எடுத்துக்கொண்டோம். அதுவும் போதாதென்று, உதிரப் பார்த்த செதில்களை மல்லிகைச் சரம் சுற்றி நிறுத்திவைத்தாள். அவ்வளவுதான், முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. பஸ்ஸில் வாசனை கிளம்பிவிட்டது. முன்சீட்டு அம்மாள் பலாப்பழம் என்கிறாள், பின்சீட்டுக்காரர் அன்னாசி என்கிறார், இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கண்டக்டர் வந்து துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, சோளக்கதிருக்குப் பூ சுத்திக் கல்யாணத்துக்கு இட்டுகினு போறியா?" என்று கேட்க, பஸ் முழுக்கச் சிரிப்பு. அப்போதே நான் இறங்கித் திரும்பியிருக்க வேண்டும்.

தங்கள் வீட்டில் சம்பந்தி அம்மாள் அதைப் பார்த்ததும், "இன்னா அண்ணா இது, முதலை வால் மாதிரி கீது!" என்றார்கள். நான் பெஞ்சு உதாரணத்தை ஆரம்பித்தேன். முதல் பெஞ்சு வரைக்கும்தான் வந்திருப்பேன், மைக் செட்டுக்காரர் பாட்டை உரக்க வைத்துவிட்டார். "அப்பால சொல்லுங்க அண்ணா, நல்ல நேரம் போவுது" என்று சொல்லிவிட்டு சம்பந்தி அம்மாள் வளையல் போடப் போய்விட்டார்கள். என்னைப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், அன்னாசி நறுக்குவது போல வட்ட வட்டமாக நறுக்கி, எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு என்று தட்டு சுற்றி வருகிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தருக்கு மட்டும் கொடுத்துச் சாப்பிடுவது நம் வழக்கமா? இல்லையே! அந்த நல்ல வழக்கமே நம்மைக் கவிழ்த்துவிட்டது. வீட்டுக்குப் பெரியவர் என்று தங்களுக்கு நுனித்துண்டை, கிரீடம் மாதிரி இருந்ததை, மரியாதையாக எடுத்து வைத்திருந்தார்கள். நான் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, "சம்பந்தி, அது கடைசி பெஞ்சு!" என்று கத்தினேன். தாங்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே துப்பியிருப்பார்கள். சம்பந்தி வீட்டுப் பழமாயிற்றே என்று தாங்கள் துப்பவில்லை. மென்று விழுங்கினீர்கள். தாங்களே விழுங்கும்போது நாம் எப்படித் துப்புவது என்று தங்கள் பங்காளிகளும் வரிசையாக விழுங்கினார்கள். எல்லாரும் நாற்காலியில் வாய் திறக்காமல், கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருக்க, போட்டோக்காரர் வேறு, "சூப்பர் சார்! அந்தக் கண்ணீர் அப்படியே இருக்கட்டும், யாரும் அசையாதீங்க!" என்றார். சம்பந்தி அம்மாள்தான், "கருணைக்கெழங்கு கணக்கா அரிக்குதா? புளியக் கரைச்சுக் கொண்டாங்கடி!" என்று காப்பாற்றினார்கள். ஓடி ஓடிப் பரிமாறியதில் அவர்கள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் புண்ணியம்.

நான் பிராயச்சித்தம் தேடுவது இதற்கு மட்டும் அல்ல. பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக வாடகைக் கார் வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றியாகிவிட்டது. மாமனார் தன் வாயால் "போய்ட்டு வாம்மா" என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் அவள் படி இறங்குவாள். சரளா தங்கள் காலில் விழுந்து எழுந்து நின்றாள். தாங்கள் வாயைத் திறந்தீர்கள், சத்தம் வரவில்லை. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள். "பெரியவரு வேணாம்னுட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். பெட்டி இறங்கிவிட்டது. ஏழு மாதக்காரிக்கு அந்தத் துண்டு தவறுதலாகக் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். அதை நினைத்து நானும் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. காலி காரில் நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். தாயாரம்மாள் முடிச்சூர் தாண்டும் வரை அழுதாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அழுததே தேவலை. வெள்ளையடித்த அறை அப்படியே இருக்கிறது. புதுத் தலையணை உறை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவள் தினம் போய் அந்தத் தலையணையைத் தட்டிவிட்டு வருகிறாள்.

ஆகவே சம்பந்தி, என் மேல் இருக்கிற கோபத்தைப் பெண்ணின் மேல் காட்ட வேண்டாம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கொடியை இன்று சாயங்காலமே வெட்டிப் போடுகிறேன். அதில் இன்னொரு கதிர் இருக்கிறது, அதையும் பறித்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். இனிமேல் இந்த வீட்டுக்குள் வாழைப்பழத்தைத் தவிர வேறு பழம் வராது, இது சத்தியம். சரளாவுக்கு ஒரு துண்டாவது நல்ல பாகத்தில் கிடைத்ததா என்பது மட்டும் தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தகுதியில்லை.

தங்கள் வீட்டில் பேச முடிகிறவர்கள் அனைவருக்கும் என் வணக்கத்தையும், இன்னும் பேச முடியாதவர்களுக்கு என் வருத்தத்தையும் தெரிவிக்கவும். பிறக்கப்போகும் குழந்தைக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் பொறுமையையும் சோதித்த
ஏகநாதன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிக் கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பினேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு சரளா, பின்னால் சம்பந்தி அம்மாள். சம்பந்தி வேண்டாம் என்றாரே என்று நான் இழுத்தேன். "அவரு எங்க வேணாம்னாரு? தண்ணி கேட்டாரு அண்ணா! மறுநாளே நாக்கு சரியாப் பூட்ச்சி. வெள்ளிக்கெழம பொண்ண அனுப்பக் கூடாது, சனிக்கெழம ஆவாது, ஞாயிறு அஷ்டமி, திங்கள் நவமி, செவ்வாய் இன்னான்னு உங்களுக்கே தெரியும். அதான் இன்னிக்கி அவரே ஆட்டோ வெச்சு ஏத்திவுட்டாரு" என்றார்கள். தாயாரம்மாள் இப்போது அந்த அறையில் தலையணையைத் தட்டுகிறாள், தலை வைக்க ஆள் இருக்கிறது.

இன்னொன்று. இது நமக்குள் இருக்கட்டும். செம்பு நீரைக் குடித்து முடித்ததும் சம்பந்தி அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "இன்னொரு கதிர் கீதாமே, எங்க அது?" என்பதுதான். அன்றைக்கு நறுக்கும்போதே, செதில் உதிர்ந்த பக்கம் குழைந்து வட்டமாக நிற்கவில்லை என்று அதை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்துவைத்து, அடுப்படியில் மாமியாரும் மருமகளுமாக வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். முதல் பெஞ்சு முழுதும் அங்கே போயிருக்கிறது! இப்போது கிணற்றடியில் இரண்டாவது கதிரைப் போய்ப் பார்த்தால், காலையில் நான் கவனிக்காமல் விட்டது, காம்பருகே ஒரு வரிசைச் செதில் உதிர்ந்து கிடக்கிறது. சரளா ஒரு கரண்டி எடுத்து என் வாயில் போட்டாள். அசரியா சொன்ன மூன்று பழங்களும் இருக்கின்றன சம்பந்தி, கூடவே நாலாவதாக ஏதோ ஒன்றும் இருக்கிறது, அதற்கு எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை.

ஆகையால் மேலே எழுதியதெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். கொடியை வெட்டவில்லை. கதிரைப் புதைக்கவில்லை. தபால்தலை ஒட்டிவிட்டபடியால் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன். தங்கள் பங்கை யாரும் தொடாமல் நான் காவல் இருக்கிறேன். திங்கட்கிழமை அவசியம் வாருங்கள். தங்கள் கடைக்கு அன்று விடுமுறை என்று ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடாதீர்கள். கடைசி பெஞ்சு அன்றைக்குப் பாஸாகியிருக்காது.