கிரைண்டர் மீதான வழக்கு

அந்தச் சனிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒரு கதவைத் திறந்துவிடுவது. அவ்வளவுதான்.

ஹம்பேர்க்கில் எங்கள் சங்கம் வாடகைக்கு வைத்திருக்கும் நிலக்கீழ் மண்டபத்தின் கதவு. மின்கம்பிகளைச் சோதிக்க அன்ரன் வருவார். சோதனைப் பத்திரம் இரண்டு கிழமைக்குள் கைக்கு வராவிட்டால் மண்டபத்தைப் பூட்டுவேன் என்று கட்டட உரிமையாளர் கடிதம் போட்டிருந்தார்.

சங்கத் தலைவர் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார்: "மாஸ்ரர், திறப்பைக் கொண்டுபோய்த் திறந்துவிட்டாக் காணும். வேற ஒண்டும் செய்யவேண்டாம். கதைக்கவும் வேண்டாம்."

வாய்மொழிப் பாடல்களின் பாடவேறுபாடுகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவன் நான். ஒரே தாலாட்டைப் பதினேழு பேர் வாயால் கேட்டு, எவர் எந்தச் சொல்லை எங்கே மாற்றினார் என்று அட்டவணை தயாரித்தவன். அப்படிப்பட்டவனைப் பார்த்து, கதைக்கவேண்டாமாம்!

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

சில மாதங்களாக மண்டபத்தில் மின்சாரம் நினைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மின்பெட்டியிலுள்ள பாதுகாப்பு ஆளி, அதாவது சுவிட்ச், 'டக்' என்று விழும், மண்டபம் இருளும். ஏன் விழுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு விளக்கம் இருந்தது.

நான் ஒலிப்பதிவுக் கருவியோடு புறப்பட்டேன். பதினான்கு சாட்சியங்களைப் பதிவுசெய்தேன்.

"ஹீற்றர் போட்டா விழும்."

"சோறு அவிக்கேக்க விழும்."

"மழை பெய்தா விழும் மாஸ்ரர், எழுதி வையுங்கோ."

மழைச் சாட்சியத்தைச் சிதைந்த பாடம் என்று ஒதுக்கினேன். "உங்கட பாராட்டு விழாவுக்குப் பிறகுதான் இந்தக் கரைச்சல் தொடங்கினது" என்று ஒருவர் சொன்னதை இடைச்செருகல் என்று நீக்கினேன். பொறாமையால் பின்னர் சேர்க்கப்பட்டது என அடிக்குறிப்பும் இட்டேன்.

எஞ்சியவற்றை ஒப்புநோக்கி மூலகாரணத்தை நிறுவினேன்: மலரக்காவின் இட்லிக் கிரைண்டர்.

நேரடிச் சான்றும் என்னிடம் இருந்தது. சங்கம் எனக்கு எடுத்த பாராட்டு விழாவுக்கு மறுநாள் நான் மண்டபச் சுவரோரம் ஒரு சிறு வேலையில் ஈடுபட்டிருந்தபோது விளக்குகள் அணைந்தன. அக்கணம் சமையலறையில் அந்தக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு மேலும் ஓர் ஆய்வாளனுக்கு என்ன வேண்டும்?

பதினொரு பக்க அறிக்கை எழுதினேன். செயற்குழுவில் முழுவதையும் வாசித்தேன். பாதிப்பேர் நித்திரை. விழித்திருந்த மீதிப்பேர், நான் எப்போது முடிப்பேனோ என்ற அச்சத்தில் கிரைண்டருக்குத் தடை விதித்தார்கள்.

சனி வகுப்புப் பிள்ளைகளுக்கு இட்லி அவித்துக் கொடுப்பவர் மலரக்கா. என்னிலும் இளையவர், ஆயினும் மண்டபத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் எழுந்து நின்றார்.

"மெசின் பிழையெண்டால் நான் இனி இந்தப் படியால இறங்கமாட்டன். பிழை இல்லையெண்டால், மாஸ்ரர், நீங்கள் இதே கூட்டத்தில எழும்பி நிண்டு, இதே தமிழில, உங்கட பிழையை வாசிக்கோணும்."

வெற்றி பெற்றவனுக்குரிய பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

சனிக்கிழமை கதவைத் திறந்தேன். அத்துடன் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அன்ரன் வந்தார்: மன்னார்க்காரர், இங்கே முறைப்படி படித்து உரிமம் பெற்ற மின்தொழிலாளர். அவருக்குப் பின்னால் மலரக்கா. கையில் சில்லு வைத்து இழுக்கும் கடைப்பை. பைக்குள்ளே கிரைண்டர்! எஸ்-பான் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"நீர் ஏன் வந்தனீர் பிள்ளை?" என்றேன்.

"வழக்கு இவருக்கெல்லோ மாஸ்ரர்." பையைத் தட்டிக் காட்டினார். " ஆள் வராமல் எப்பிடித் தீர்ப்புச் சொல்லுறது?"

அன்ரன் எங்கள் இருவரையும் பார்த்தார். "இருக்கிற பிளக் எல்லாத்தையும் கழட்டுங்கோ. ஒண்டும் செருகியிருக்கக் கூடாது."

கழற்றினோம். அவர் பிரதான மின்சாரத்தை நிறுத்தினார்; ஒரு மஞ்சள் நிறக் கருவியை எடுத்தார்.

"இது என்ன செய்யும்?"

"வயருக்குள்ள ஐந்நூறு வோல்ற் விட்டுப் பாக்கிறது. உறை நல்லா இருந்தால் கரண்ட் கசியாது, நம்பர் பெரிசா வரும். ஒரு மெகாஓமுக்குக் கீழ வந்தால் பெயில்."

"என்னுடைய பதினான்கு சாட்சியங்கள்…"

"நம்பரைப் பாப்பம் மாஸ்ரர்."

முதலில் சமையலறை, அதாவது குற்றம் நிகழ்ந்த இடம். கருவி சற்று யோசித்தது. முந்நூறு மெகாஓமுக்கு மேல் காட்டியது.

"தங்கம்!" என்றார் அன்ரன்.

"இன்னொருமுறை அளவிடுங்கள். ஒற்றைப் பாடத்தை வைத்து முடிவுக்கு வரலாகாது."

அளவிட்டார். அதே எண்.

"மூன்றாம் முறை?"

"மாஸ்ரர், இது பாட்டில்லை. எத்தினை தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்."

மலரக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து கிரைண்டரைத் தூக்கி மேசையில் வைத்தார். "தம்பி, இவரையும் பாருங்கோ."

அன்ரன் அதையும் அளந்தார். அப்பழுக்கில்லை.

அடுத்து மண்டபத்தின் கம்பிகள். எண் பூச்சியத்துக்கு அருகே விழுந்தது!

எனக்கு உயிர் வந்தது. "பார்த்தீர்களா! இந்தப் பிளக்கில் மலர் எப்போதாவது கிரைண்டரைச் செருகியிருக்கவேண்டும். அதன் பாதிப்பு எஞ்சியிருக்கிறது."

"என்ன எஞ்சியிருக்குது?" மலரக்கா கிரைண்டரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "மெசின் என்ர இடுப்பில இருக்கு. இஞ்ச இருந்து அங்க கசியுதோ?"

அன்ரன் குனிந்து தன் பெட்டிக்குள் எதையோ தேடினார். தோள்கள் குலுங்கின. ஆவணப்படுத்தியிருக்கிறேன்.

பிறகு மேலேயிருந்த இணைப்புப் பெட்டிகளைத் திறந்து, கம்பிகளைப் பிரித்துப் பிரித்து அளந்தார். இந்தச் சுவர் நல்லது. அந்தச் சுவர் நல்லது. ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் சுவரில் பதித்த ஒரே ஒரு பிளக்குக்கு முன்னால் போய் நின்றார்.

பிளக்கைப் பார்த்தார். அங்கிருந்து கண்ணை மெல்ல மேலே கொண்டுபோனார்.

"இந்தப் படம் ஆர் கொழுவினது?"

அது படமன்று. பாராட்டு விழாவில் எனக்கு வழங்கிய வாழ்த்துமடல், கண்ணாடியிட்டது, முழ உயரம். விழாவுக்கு மறுநாள் நானே மாட்டியது. அதுதான் அந்தச் சிறு வேலை.

கதைக்கவேண்டாம் என்ற தலைவரின் அறிவுரையை அன்று முதன்முறையாகப் பின்பற்றினேன்.

மலரக்கா கிட்டப் போய் உரத்து வாசித்தார்: "'பிழை பொறாப் பேரறிஞர், வாய்மொழி வாரிதி…' உங்கட பேர்தானே மாஸ்ரர் போட்டுக்கிடக்குது?"

அன்ரன் மடலை இறக்கித் திருகாணியைக் கழற்றினார். விரல் நீளத் திருகாணி. மறுபடி அளந்தார். முந்நூறுக்கு மேல்!

"இந்தத் திருகாணி நியூட்ரலையும் ஏர்த்தையும் ஒண்டாக் குத்தியிருக்கு. அதுதான், எங்கயாவது பாரமான சாமான் ஓடினால் கரண்ட் ஏர்த்துக்குள்ள கசிஞ்சு ஆளி விழுறது. ஹீற்றர், சோத்துப்பானை, கிரைண்டர், எதெண்டாலும். மழைக்குக் குளிருமெண்டு எல்லாரும் ஹீற்றர் போடுவினம், அதால மழைக்கும் விழும்."

ஒதுக்கிய பாடம், இடைச்செருகல், எல்லாமே மெய்! பதினான்கு சாட்சியங்களும் உண்மை. பொய்யானது என் அறிக்கை மட்டுந்தான்.

"மற்ற வயரில, கரண்ட் வாற வயரில, பட்டிருந்தால் அண்டைக்கே ஆள் முடிஞ்சிருப்பியள்," என்றார் அன்ரன். பிறகு துளையையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனால் மாஸ்ரர், இவ்வளவு நேரா எப்பிடி அடிச்சனீங்கள்?"

அதைச் சொல்லும்போது சற்றுப் பெருமையாகவே இருந்தது. பிளக்கின் நடுவிலிருந்து நூல் பிடித்து, நீர்மட்டம் வைத்து, மூன்று தரம் அளந்து துளையிட்டேன் என்றேன்.

"பிளக்குக்குப் போற வயரும் நேர மேலால இருந்துதான் இறங்கும். இந்த நாட்டில அதுதான் விதி. கண்ணை மூடிக்கொண்டு சும்மா அடிச்சிருந்தால் தப்பியிருக்கும். நீங்கள் அளந்து அடிச்சபடியால்தான் பட்டது."

என் நாற்பதாண்டு ஆய்வுநெறியை எவரும் இத்தனை சுருக்கமாக மதிப்பிட்டதில்லை.

அன்ரன் பழுதான கம்பியை மாற்றி, எல்லாவற்றையும் மீண்டும் அளந்து, பத்திரத்தில் ஒப்பமிட்டார். மண்டபம் தப்பியது. மலரக்கா கிரைண்டரைப் பைக்குள் வைக்காமல் நேரே சமையலறைக்குக் கொண்டுபோனார்.

"செவ்வாய்க்கிழமை கூட்டம். மறக்கமாட்டியள்தானே மாஸ்ரர்?"

"மறக்கமாட்டன்."

"அதே தமிழில."

வாசித்தேன். மூன்று பக்கம். ஒருவர்கூட நித்திரை கொள்ளவில்லை. என் கட்டுரை ஒன்றுக்கு இது முதல் அனுபவம். முடிவில் மலரக்கா எழுந்து, "இரண்டாம் பக்கத்தை இன்னொருக்கா வாசியுங்கோ, பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லையாம்" என்றார். வாசித்தேன்.

கதை அன்றே தொலைபேசி வழியே ஜெர்மனி முழுவதும் புறப்பட்டது. டிரெஸ்டனிலிருந்து ஓர் இந்திய மாணவர் மின்னஞ்சல் அனுப்பினார்: "சார், நீங்க ஒரு கிரைண்டர் மேல கோர்ட்ல கேஸ் போட்டீங்களாமே, நிஜமா?"

தொழில் விடுமா? அதையும் தொகுத்து வருகிறேன். இதுவரை ஐந்து வடிவங்கள் கிடைத்துள்ளன. டிரெஸ்டனில் வழக்கு நடக்கிறது. ஹனோவரில் வழங்கும் வடிவத்தில் நான் மின்சாரம் தாக்கி இறந்தே போகிறேன்.

கிரைண்டர் மட்டும் எந்த வடிவத்திலும் குற்றவாளி இல்லை.