நிறுத்திவைத்த காருக்கு ஒரு ஏரியல்

சிட்னி, வென்ட்வேர்த்வில் தமிழர் பொதுநல ஒன்றியத்தின் செயலாளர் என்ற முறையில், 2012ஆம் ஆண்டு நிறுத்திவைத்த கார் ஒன்றுக்கு ஏரியல், அதாவது ரேடியோக் கம்பி, தெரிவுசெய்யப்பட்ட வரலாற்றை உள்ளபடி பதிவுசெய்வது என் கடமையாகிறது.

முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் யோகாவின் தம்பி லோஜன் அகதியாகப் படகில் வந்த பிள்ளை. அந்த வருடம் குவின்ஸ்லாந்தின் உட்பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போனான். அங்கே போன் எடுக்காது. பண்ணை வாகனத்தில், லொறிக்காரர் தங்களுக்குள் கதைக்கிற சிபி ரேடியோ ஒன்று மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்னி நேரம் மூன்று மணிக்கு முப்பத்தைந்தாம் சனலில் நிற்பேன் என்று கடிதம் போட்டிருந்தான். பிறகு மழை வந்து பாதை அடைபட்டது, தபாலும் நின்றது.

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைவர் தேவராஜாவின் மகள் பிரியந்தினி, கட்டினால் லோஜனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். தலைவர் யோகாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பொடியன்ர வாயால ஒரு ஓம் வேணும். தைப்பொங்கலுக்குள்ள வராட்டி லண்டன் சம்பந்தத்துக்குச் சொல்லிப்போடுவன்."

யோகா என்னிடம் ஓடிவந்தாள். பரமட்டாவில் எலெக்ட்ரொனிக் கடையில் பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். "அண்ணை, காரை நிப்பாட்டி வச்சுத் தூரத்துக்குக் கதைக்க எந்த ஏரியல் நல்லம்?"

பதில் எனக்குத் தெரியும். கட்டை ஏரியல் ஓடுகிற காருக்கு. நிற்கிற காருக்குக் காற்றுப் பயமில்லை. இரண்டே முக்கால் மீற்றர் உருக்குக் கம்பியைக் கூரை நடுவில் நட்டால் முடிந்தது. இங்கே மார்கழி, தையில் வரும் கோடைப் பகலில் வானம் அந்த அலையைச் சுவரில் பட்ட பந்துபோலத் திருப்பி எறியும். ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் தாண்டிக் கேட்கும். கொஞ்ச நேரம்தான், பிறகு வானம் மூடிவிடும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் நான் செயலாளர்.

"கூட்டத்தில வச்சுப் பாப்பம்," என்றேன்.

முதற்கூட்டத்தில் "நிறுத்திவைத்த கார்" என்றால் என்ன என்பது ஆராயப்பட்டது.

"சிவப்பு லைட்டில நிண்டா அது நிப்பாட்டினதோ?" என்று கேட்டார் பொருளாளர் இந்திரகுமார்.

"இல்லை. ஹான்ட்பிரேக் போட்டாத்தான் நிப்பாட்டினது," என்றார் தலைவர்.

"நான் ஹான்ட்பிரேக் போடுறதே இல்லை."

"அப்ப நீர் இருபது வருசமாக் காரை நிப்பாட்டவே இல்லை."

இது பாரதூரமான விடயம் என்பதால் உபகுழு அமைக்கப்பட்டது.

இரண்டாம் கூட்டம் நிறத்துக்கு. வெள்ளைக் கட்சியும் கறுப்புக் கட்சியும் மூன்று மணித்தியாலம் மோதின. பின்வரிசையில் இருந்த யோகா எழும்பினாள். "நீளம்தானே அண்ணை முக்கியம்?"

"தங்கச்சி, நீளம் தொழில்நுட்ப விசயம். அது மூன்றாம் கூட்டத்தில வரும்," என்றார் தலைவர்.

இதற்கிடையில் செய்தி பரவியது. கோயில் கார் தரிப்பிடத்தில் நிற்கும் கார்களில் பாதிக்கு ஏரியல் முளைத்தது. இந்திரகுமார் இரண்டு பூட்டினார். உள்ளே ரேடியோ ஒருவரிடமும் இல்லை. ரேடியோ வைத்தால் யாரோடாவது கதைக்க வேண்டி வரும் அல்லவா?

மூன்றாம் கூட்டத்தில் நீளம் ஒத்திவைக்கப்பட்டு, நான்காம் கூட்டத்தில் இரண்டே முக்கால் மீற்றர் கம்பி, தலைவரின் யோசனையாக ஏகமனதாக ஏற்கப்பட்டது. பொங்கலுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

2013 ஜனவரி ஆறாம் திகதி ஞாயிறு, நார்த்மீட் விளையாட்டுத் திடல் ஓரமாகத் தலைவரின் காரை நிறுத்தி, ஹான்ட்பிரேக் போட்டு, சாட்சிக்கு இருவரை விட்டுப் பார்த்தோம். என் பழைய கடையில் இரவல் வாங்கிய ரேடியோவைப் பூட்டி, கம்பிக்குச் சந்தனம் பூசி, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். சரியாக மூன்று மணிக்கு இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"அக்கா, கேக்குதோ? நான் லோஜன்!"

யோகாவுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அவள் மைக்குக்குக் கை நீட்டினாள். தலைவர் அதை முந்தி எடுத்தார்.

"எங்கள் அழைப்பை ஏற்று இங்கே ஒலித்திருக்கும் தம்பி லோஜன் அவர்களே..."

சிபி மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்திப் பிடித்திருக்கும்வரை மற்றப் பக்கம் பேசுவது நமக்குக் கேட்காது. இதைச் சொல்லத்தான் நான் எழும்பினேன். "அடுத்து செயலாளர் அறிக்கை" என்று மைக்கைத் தந்தார்கள். அறிக்கையை வாசித்தேன். பிறகு பொருளாளர் பேசினார். மூன்று நாற்பதுக்குத்தான் பொத்தானை விட்டோம்.

"...இன்னும் ஆரும் பேச இருக்கினமோ?" என்றது லோஜனின் குரல். அதற்குமேல் வெறும் இரைச்சல்.

யோகா கம்பியையும் ரேடியோவையும் கழற்றிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு, பொங்கலுக்கு முதல்நாள், இரண்டையும் என் காரில் பூட்டினாள்.

"அண்ணை, நீங்கள் காரை ஓடினாப் போதும். வாய் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. வானம் ஐந்து நிமிடம் திறந்தது. அவள் கேட்டாள். "எனக்கு ஓம் அக்கா," என்றான் அவன். உடனே இன்னொன்றும் சொன்னான். "ஆனா கலியாணத்தில மைக் இருக்கக் கூடாது. ஐயருக்கும்தான்."

தலைவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் மகளுக்காக இறங்கினார். ஆவணியில் கலியாணம் நடந்தது. நானூறு பேர் வந்தார்கள், மாப்பிள்ளை தாலி கட்டினான், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பகல் ஒரு மணிக்கே வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவரும் பேசாதபடியால் அது கலியாணம்தானா என்ற ஐயம் ஒன்றியத்தில் இன்றும் நிலவுகிறது.

அன்றைக்கு நான் வாசிக்கவிருந்த நன்றியுரை பதினொரு பக்கம், சட்டைப்பையில் அப்படியே இருக்கிறது. இவ்வளவும் பொறுமையாக இருந்து கேட்டிருக்கிறீர்கள். இன்னும் ஒரு அரைமணி நேரம் இருக்குமா?