தெமிஸின் தலையும் ஈஸ்டர் முட்டையும்

தலைக்கு அந்தச் சாயத்தை அடிக்காதே, முடி வைக்கோலாகிவிடும் என்று கல்லியோப்பி படித்துப் படித்துச் சொன்னாள். தெமிஸ் கேட்டால்தானே? கிரேக்க நாட்டில் கலாமாட்டா பக்கத்துச் சின்ன ஊர் அது. அங்கே கோயிலில் தலைமைப் பாடகர் அவள் புருஷன் தெமிஸ்தான். பெரிய வெள்ளிக்கிழமை ஊரே மெழுகுவர்த்தியோடு நிற்க, முன்னால் நின்று பாடவேண்டிய மனிதர் நரைத்த தலையோடு நிற்கலாமா? கடையில் மலிவாகக் கிடைத்த டப்பாவை வாங்கினார், பூசினார். கறுப்பென்னவோ கருகருவென்று வந்துவிட்டது. ஆனால் முடி? சீப்பு வைத்தால் சரசரவென்று சத்தம் கேட்டது. ஒருநாள் சீப்போடு ஒரு கொத்து உடைந்தே வந்துவிட்டது.

இதைப் பெண்டாட்டியிடம் சொல்வதற்குப் பதில் கடலில் குதிக்கலாம். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் ஆரம்பித்தால் அடுத்த ஈஸ்டர் வரை ஓயமாட்டாள். மனிதர் ஒரு கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டார். இந்த வெயிலில் என்ன தொப்பி என்று கேட்டாள். காதில் காற்றுப் போனால் குரல் கட்டிவிடும் என்றார். அவளும் சரி என்று போய்விட்டாள். கல்லியோப்பி சரி என்று சொன்னாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கே, அவருக்குத் தன் சாமர்த்தியத்தில் அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் கோயிலுக்குள் தொப்பி போட முடியாதே. வெள்ளிக்கிழமைக்குள் முடியை ஒருவழியாகப் பட்டாக்கியே தீரவேண்டும். செல்போனில் தேடினார். முட்டை, தயிர், தேன், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் குழைத்து அப்பி, துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் காய்ந்த முடியில் ஈரம் திரும்பிவிடுமாம். சிக்கல் என்னவென்றால், அது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு வாரம். முட்டை தொடக்கூடாது, தயிர் ஆகாது, ஆசாரமான வீடுகளில் எண்ணெய்கூடக் கிடையாது. முடிக்கு எதெல்லாம் நல்லதோ அதெல்லாம் நோன்புக்கு ஆகாது. தயிர்ச்சட்டி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கென்று மூடி வைத்தது. முட்டைகள் ஈஸ்டருக்காக வியாழக்கிழமை சிவப்புச் சாயம் தோய்க்க எடுத்து வைத்தவை. பாடகர் ஐயா இரண்டிலும் கை வைத்தார். கல்லியோப்பி சந்தைக்குப் போகும்போதெல்லாம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பினார்.

புதன்கிழமை அவள் முட்டைக்கூடையோடு வந்து நின்றாள்.

"தெமிஸ், பாதி முட்டையைக் காணோம். தயிர்ச்சட்டி காலி."

பூனையாக இருக்கும் என்றார். தேன் பாட்டிலைத் திருகித் திறந்ததும் பூனைதானா என்று கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் நோன்புப் பாட்டு பாடுற ஆளு. வீட்டுக்குள்ள ஆம்லெட் போட்டுத் தின்னியா?"

தெமிஸ் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவள் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். மறைத்தால் நோன்பை முறித்த பாவி. பாவியாகிவிடுவது எவ்வளவோ மேல் என்று அந்தப் புத்திசாலி முடிவுசெய்தார்.

"ஆமா, தின்னேன். பசி தாங்கலை."

"தேன் விட்டா?"

"தேன் விட்டுத்தான்."

"தயிரையும் ஊத்திக்கிட்டியா?"

"ஊத்தித்தான் தின்னேன். இப்ப என்ன அதுக்கு?"

கல்லியோப்பி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. பாவம், புருஷன் இப்படி ஆகிவிட்டானே என்று அழுகிறாள் என்று நினைத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதிரியார் நெக்தாரியோஸ் காதில் போட்டே ஆகவேண்டும் என்றாள். போட்டால் வெள்ளிக்கிழமை பாட விடுவாரா அவர்? மனிதர் காலில் விழாத குறை. கடைசியில், பண்டிகை வேலையை முணுமுணுக்காமல் செய்தால் போனால் போகிறது என்று இறங்கி வந்தாள்.

வருஷாவருஷம் இடுப்புவலி என்று நழுவுகிற ஆள், கம்பளங்களைச் சுருட்டித் தூக்கிப்போய் வெளியே போட்டு அடி அடியென்று அடித்தார். ஜன்னல்களைத் துடைத்தார். தெருவரைக்கும் இறங்குகிற படிக்கட்டு முழுக்கக் குனிந்து குனிந்து சுண்ணாம்பு அடித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் வந்து தொப்பென்று விழுந்தார்.

"இனிமே ஃபாதர்கிட்ட சொல்லமாட்டியே?"

"செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேனே."

அவள் தொப்பியை உருவி, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மஞ்சள் துணுக்கைக் கிள்ளி எடுத்தாள்.

"தலையில தேய்ச்சா நோன்பு முறியாதாம். ஆனா பச்சைத்தண்ணியிலதான் அலசணுமாம். வெந்நீர் ஊத்தினா முட்டை அங்கேயே வெந்துடுமாம். ஃபாதரே கொண்டை போட முதுகு வரைக்கும் முடி வளர்த்திருக்கார், அவருக்குத் தெரியாதா? குனி, நான் அலசி விடறேன். நாளைக்கு நல்லபடியா பாடு."

குனிய இடுப்பு ஒத்துழைத்தால்தானே. "இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்று முனகினார்.

"சொல்லியிருந்தா படிக்கட்டுக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சிருப்பா?"