மேவிஸ் கிளம்பியாக வேண்டும்

"விடியக்காலை அஞ்சு மணிக்கு என்னடி சத்தம்?" மாடியிலிருந்து கத்தினாள் மேவிஸ்.

"பித்தளைக் குழல். இனிமே தினம் ஊதப்போறேன். பிடிக்காதவங்க வேற வீடு பாத்துக்கலாம்" என்றாள் டோரீன்.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் அந்த வீட்டைத் தோழிகள் இருவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு வருடக் கெடு எப்போதோ முடிந்து, மாதா மாதம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. கிளம்புகிறவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும். போட்டிக்கென்று டோரீன் வளர்க்கும் ராட்சத வெங்காயத்தின்மேல் மேவிஸ் ஈரத்துணி சொட்டவிட்ட அன்றே டோரீன் முடிவுகட்டிவிட்டாள். வீடும் தோட்டமும் தனக்கு. கிளம்ப வேண்டியவள் மேவிஸ்.

மேவிஸ் இறங்கி வந்தாள். "குடு இப்படி. எங்கப்பா சுரங்க பேண்டுல ஊதினவரு."

அவள் ஊதியதில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து கைதட்டினார்கள்.

மறுநாள் டோரீன் ஹீட்டரை அணைத்தாள். மேவிஸ் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டாள். காய்ச்சலில் விழுந்தது டோரீன்தான்.

"இந்தா, சூடா சூப் குடி."

"நல்லாத்தான் இருக்கு. என்ன போட்டே?"

"தோட்டத்துல பெருசா ஒண்ணு கிடந்துச்சே, அந்த வெங்காயம்."

இனி இரக்கமே கிடையாது. டோரீன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் மேவிஸ் அவளைப் பார்த்தாள். இரண்டாம் நாள் கெட்டிலைப் பார்த்தாள். மூன்றாம் நாள் கண் கலங்கிவிட்டது.

"வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கலியேடி! நீயெல்லாம் மனுஷியா? நோட்டீஸ் எழுதறேன், பேப்பர் குடு."

"இந்தா, பேனாவும்."

"திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

"உனக்கெதுக்குச் சிரமம்? நானே குடுத்துட்டு வரேன்."

கொட்டுகிற மழையில் டோரீன் ஓடினாள். வீட்டு வாடகை ஏஜென்சியிலிருந்த பெண் வாங்கிப் படித்து, முத்திரையும் குத்தினாள்.

"நீங்க எந்தப் பக்கம் குடிபோறீங்க, மேடம்?"

"நான் ஏம்மா போறேன்? போறது அவ."

"ஒரே ஒப்பந்தத்துல ரெண்டு பேரும் இருக்கீங்க. மாசா மாசம் ஓடறதுல ஒருத்தர் நோட்டீஸ் குடுத்தாலே ரெண்டு பேருக்கும் முடிஞ்சுது, மேடம்."

டோரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்காக விட்டுவிடுகிறவளா? "சரி, புதுசா எழுது. என் பேருக்கு மட்டும்."

"அதெப்படி மேடம்? மேவிஸ் மேடம் போன வாரமே வீட்டுக்காரர்கிட்டப் பேசி, தன் பேருக்கு மட்டும் எழுதி வாங்கிட்டாங்களே!"